அவள் பேரில் போன மெயில்கள்

நான் நிபுணரானது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கை உடைந்ததால். என் மகள் பள்ளிக்கூட சாக்கர் அணியில் கோல்கீப்பர். நம் ஊரில் ஃபுட்பால் என்று சொல்வதைத்தான் இங்கே சாக்கர் என்கிறார்கள். இவர்கள் ஃபுட்பால் என்று சொல்வதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு சின்னக் கல்லூரியின் கோல்கீப்பர் பனிச்சறுக்குக்குப் போய்க் கையை உடைத்துக்கொண்டாள். அவளுக்கு மாற்றாக இருந்தவள் வேறு கல்லூரிக்குப் போய்விட்டாள். அந்தக் கோச் தவித்துப்போய் எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். என் மகளுக்கு இடம் கிடைத்தது. இதில் என் பங்கு, போன் அடித்தபோது அதை எடுத்தது மட்டும்தான்.

ஆனால் டெக்சாஸில் இருக்கும் எங்கள் இர்விங் ஊர்த் தமிழர்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். "அவங்க பொண்ணு ஸ்போர்ட்ஸ்ல உள்ள போயிட்டா, அந்த அம்மாவுக்கு ரூட்டு தெரியும்" என்று பேச்சு பரவிவிட்டது. லாஸ் கோலினாஸில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள் நான். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. வீட்டிலும் அதே வேலைதான் என்பார் என் கணவர். அந்த என்னை சனிக்கிழமை காலைகளில் முறுக்கு டப்பாவோடு பெற்றோர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிடித்திருந்தது. நாலு பேர் நம் முன்னால் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்குத்தான் உச்சி குளிராது?

வருகிறவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கட் ஆஃப் எவ்வளவு?" கட் ஆஃப் கிடையாது என்றால் நம்ப மாட்டார்கள். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டப்பாவைத் திறப்பார்கள். பரீட்சை இல்லை, ரேங்க் லிஸ்ட் இல்லை, கவுன்சலிங் இல்லை, ஒரு கோச் பார்த்து, பழகி, பிடித்தால் எடுத்துக்கொள்வார் என்ற விஷயம் நம் ஆட்களின் தொண்டைக்குள் இறங்கவே இறங்காது. பிடிப்பது என்றால் என்ன அளவு? யார் போட்ட மார்க்? ரீவேல்யுவேஷன் உண்டா?

டிவிஷன் த்ரீ என்று ஒரு வகைக் கல்லூரிகள் உண்டு. சின்னக் கல்லூரிகள், படிப்பும் ஆட்டமும் சேர்ந்து நடக்கும். அந்தப் பேரைக் கேட்டதுமே ஓர் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "எங்க ஃபேமிலில எல்லாரும் ஃபர்ஸ்ட் க்ளாஸ் மேடம். தேர்ட் டிவிஷன் வாங்கினவன் ஒருத்தன்கூட கிடையாது." இன்னொருவர் மகளின் ஆட்டத்தை வீடியோவாகத் தொகுத்துக் கொண்டுவந்தார். பன்னிரண்டு நிமிடம். முதல் இரண்டு நிமிடத்துக்குப் பிள்ளையார் படம், குடும்பப் படம், பரதநாட்டிய அரங்கேற்றம். பந்து மூன்றாவது நிமிடத்தில் வந்தது. அதுவும் ஸ்லோ மோஷனில், மிருதங்கத்தோடு.

சான் ஹோசேயிலிருந்து ஓர் அம்மா போனில் பிடித்துக்கொண்டார். லிவர்மோர் கோயிலில் பெண் பேருக்கு அர்ச்சனை செய்தாயிற்றாம். "கோச் பேருக்கும் சேத்து பண்ணிடலாம்னு பாக்கறேன். அவரோட நட்சத்திரம் மட்டும் எப்படியாவது கேட்டு சொல்லுங்களேன்." கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வேறு என்ன சொல்ல?

இப்படிப்பட்டவர்களுக்குப் புரியவைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெரிய புத்திசாலி என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்ட வழி அது. "இது காலேஜ் அட்மிஷன் இல்லைங்க, சம்பந்தம் பேசற மாதிரி" என்பேன். "வீடியோதான் ஜாதகம். மெயில் போடறது விசாரிக்கறது. கோச் மேட்ச் பாக்க வர்றது பொண்ணு பாக்கறது. அவங்களுக்கும் பிடிக்கணும், நமக்கும் பிடிக்கணும்." உடனே எல்லார் முகத்திலும் விளக்கு எரியும். அடடா, இவ்வளவுதானா, இதில் நாம் கில்லாடிகள் ஆயிற்றே என்று சந்தோஷமாகக் கிளம்புவார்கள். சம்பந்தம் பேசும்போது பெரியவர்கள்தான் பேசுவார்கள், பெண் வாயைத் திறக்காது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. உதாரணம் சொன்ன மகராசி நான்தான்.

ஈரோட்டுக்காரர் குடும்பம் அப்படித்தான் வந்தது. எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் ஒரு பெரிய கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். மரியாதையான மனிதர், என்னைவிட இரண்டே வயது சின்னவர் என்றாலும் வார்த்தைக்கு வார்த்தை அக்கா போடுவார். மனைவி பள்ளிக்கூடத்தில் பகுதிநேர வேலை. ஒரே பெண், பதினேழு வயது, லெஃப்ட் பேக். அதாவது கோலுக்கு முன்னால் இடது ஓரத்தில் நின்று, எதிரிகள் வந்தால் மறிக்கிறவள். முழங்கால் இரண்டிலும் காய்ந்த சிராய்ப்பு. வந்ததும் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் முறுக்கை ஒரு கை பார்த்தாள். நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும்; பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். இங்கே பிறந்தவை எல்லாமே அப்படித்தான்.

எந்தக் காலேஜ் வேண்டும் என்று அவளிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. பென்சில்வேனியா மலைப்பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் பேரைச் சொன்னாள். அங்கே ஜியாலஜி நன்றாக இருக்குமாம். பாறைகளைப் பற்றிப் படிக்க வேண்டுமாம். அந்த அணியின் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள், அவர்கள் டிஃபென்ஸ் ஆடுகிற விதம் பிடிக்குமாம். வேறு எது என்றேன். வேறு எதுவும் இல்லை என்றாள்.

அவள் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள். "மார்க்கெல்லாம் பி-தாங்க. மேத்ஸ்ல சி கூட இருக்கு. சும்மா அப்ளை பண்ணா அந்தக் காலேஜ் கிடைக்காதுன்னு ஸ்கூல் கவுன்சலரே சொல்லிட்டாங்க. கோச் ஒரு வார்த்தை சொன்னாதான் உண்டு." உண்மைதான். கோச் ஒரு பேரைக் கொடுத்து இவள் எனக்கு வேண்டும் என்றால், அட்மிஷன் ஆபீஸ் அந்த ஃபைலைக் கொஞ்சம் கனிவோடு பார்க்கும். அந்தப் பெண்ணுக்கு அந்த வாசலுக்கு ஒரே சாவிதான் இருந்தது.

முதல் மெயிலை நீயே எழுது என்று அவளிடம் சொன்னேன். அதுதான் விதி, எல்லாக் கோச்சுகளும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். என் டைனிங் டேபிளிலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் எழுதினாள். மொத்தம் மூன்று வரி. நான் லெஃப்ட் பேக் ஆடுகிறேன். வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது எனக்குப் பிடிக்கும். உங்கள் கல்லூரியில் பாறைகள் இருக்கின்றன.

நான் சிரித்துவிட்டேன். அவள் அப்பாவும் சிரித்தார். "என்ன கண்ணு இது, தந்தியா? உங்க டீம்ல சேர எவ்வளவு ஆசைன்னு சொல்ல வேணாமா? உன்னோட பேஷன், லீடர்ஷிப், அதெல்லாம் எங்க?" என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அன்று மதியம் மேட்ச். "அவளுக்கு எங்கிங்கக்கா டைம் இருக்குது, நானே போட்டுடறேனுங்க. ஆபீஸ்ல ஒருத்தர் எழுதறது இன்னொருத்தர் பேர்ல போறது சகஜந்தானுங்க" என்றார் அப்பா. நான் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன். "நீங்க ஒரு வாட்டி பாத்துக் குடுத்துடுங்கக்கா, உங்க அளவுக்கு இதுல யாருக்குங்க தெரியும்?" என்றார். அதோடு என் கூடாது காணாமல் போயிற்று.

அவள் பேரில் ஒரு மெயில் ஐடி திறந்தார். பாஸ்வேர்டு அவரிடம். முதல் மூன்று மெயில்களை நான் திருத்திக் கொடுத்தேன். மூன்று வரி மூன்று பத்தியாயிற்று. ஜியாலஜி பயோகெமிஸ்ட்ரி ஆயிற்று. பிற்காலத்தில் டாக்டராகி விளையாட்டு வீரர்களுக்குச் சேவை செய்யும் ஆசையும் சேர்ந்துகொண்டது. அது அம்மாவின் உபயம். நாலாவது நாளே கோச்சிடமிருந்து பதில் வந்துவிட்டது. பெண் கோச். நல்ல பதில், இரண்டு கேள்வியும் கேட்டிருந்தார். ஈரோட்டுக்காரர் லாட்டரி விழுந்தது போல் என் வீட்டுக்கு ஓடி வந்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. என் பெருமையை என் கணவரிடம் மட்டுமே மூன்று தரம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் திருத்தக் கேட்டு வரவில்லை. "பழகிடுச்சுங்கக்கா, நானே பாத்துக்கறேன்" என்றார். மெயில் போகிறது, பதில் வருகிறது, கோச் மேலும் கேட்கிறார், இவர் மேலும் எழுதுகிறார் என்று மட்டும் தெரியும். நாலு மாதம் ஓடியது. பெண்ணிடம் கேட்டால் அப்பா ஹாண்டில் பண்றார் என்பாள். அவள் பாட்டுக்குப் போய் ஆடிக்கொண்டிருந்தாள்.

பிறகு சேதி வந்தது. டாலஸ் பக்கத்தில் நடக்கும் பெரிய போட்டிக்குக் கோச்சே நேரில் வருகிறார். ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறார். டிஃபென்ஸில் தனக்கு இந்த வருஷம் ஒரே ஓர் இடம்தான் என்றும், அதை இவளுக்காக வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார். "நீங்களும் கட்டாயம் வரோணுங்கக்கா" என்றார் ஈரோட்டுக்காரர். வராமல் இருப்பேனா? சம்பந்தம் முடிகிற இடத்தில் தரகர் இல்லாமலா? பட்டுப்புடவை ஒன்றுதான் கட்டவில்லை.

சனிக்கிழமை காலை ஆட்டம். அந்தப் பெண் அன்றைக்கு ஆடியதை நான் மறக்க மாட்டேன். அவள் பக்கம் வந்த ஒருத்தியும் தாண்டிப் போகவில்லை. கத்தவில்லை, கையை ஆட்டவில்லை, கோல் போட்டவர்களோடு போய்த் தொங்கவில்லை. வந்தவளிடமிருந்து பந்தைப் பிடுங்கினாள், முன்னால் தட்டிவிட்டாள், திரும்பித் தன் இடத்துக்கு வந்து நின்றாள். அவ்வளவுதான். அம்மா பக்கத்தில் நின்று, "இவ ஏங்க ஒரு கோல்கூட அடிக்க மாட்டேங்கறா, கோச் பாத்துட்டு இருக்காங்களே" என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு எதிரே இருந்த ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். கோச்சுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தொப்பி, வெயிலில் சிவந்த மூக்கு, கையில் ஒரு நோட்டு. பெண் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு ஜூஸில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தில் அவள் செய்த இரண்டு விஷயங்களைக் கோச் பாராட்டினார். பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த இரண்டு நிமிடம் இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டு, எந்தக் காலை எங்கே வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதோடு எழுந்து வந்திருக்கக் கூடாதா?

டாக்டர் படிப்பைப் பற்றிக் கோச் கேட்டார். பெண் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் ஜூஸைக் குடித்தாள். அவளுக்கு அது பழகியிருக்கும் போல. பிறகு கோச் குரலைத் தணித்துக்கொண்டு, நீ எழுதினதில் ஒரு மெயிலை என் மொத்த அணிக்கும் படித்துக் காட்டினேன் என்றார். தோற்றுப் போகிற அன்றைக்கு என்ன செய்வாய் என்று கேட்டிருந்தேனே, அதற்கு நீ எழுதிய பதில் என்றார். தோற்ற நாளில் நேராக வீட்டுக்குள் போக மாட்டேன், கராஜில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன், முகம் சரியாகிற வரைக்கும் இறங்க மாட்டேன், வீட்டில் எல்லாரும் என்னைத் தைரியசாலி என்று நம்புகிறார்கள், அதைக் கெடுக்க எனக்கு மனசு வராது என்று எழுதியிருந்தாயே, அன்றைக்குத்தான் உன் பேரை லிஸ்டில் எழுதினேன் என்றார். சொல்லும்போது அவர் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. இப்போதும் அப்படித்தான் உட்காருகிறாயா என்று கேட்டார்.

பெண் ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்தாள். "ஐ டோன்ட் டிரைவ்" என்றாள்.

கோச் முதலில் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் முன்னால் தமிழ் பேசும்போது, நடுவில் ஒரு திரை தொங்குவதாக நமக்கு நினைப்பு. கார் வாங்கப் போன இடத்தில், டாக்டர் முன்னால், வீட்டு ஓனர் முன்னால், முகத்தில் சிரிப்பு மாறாமல் நாம் பேசாத ரகசியமா? எதிரே இருப்பவர் நாம் வெயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். இருபது வருஷமாக ஒரு தரம்கூட மாட்டிக்கொண்டதில்லை.

அப்பா கோச்சைப் பார்த்துச் சிரித்தபடியே, "ஆமான்னு சொல்லு சாமி" என்றார்.

அம்மா டிஷ்யூ பேப்பரை எடுத்துக் கொடுக்கிற பாவனையில், "கராஜ்ல கார் நிக்கும்போது எப்பவாவது உள்ள போய் உக்காருவேன்னு சொல்லுடீ" என்றாள்.

நான் சும்மா இருந்தேனா? நிபுணர் ஆயிற்றே. "சும்மா யெஸ்னு தலையாட்டு கண்ணு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். சாப்பிட்டாயா என்று விசாரிக்கிற குரலில் சொன்னேன். அந்தக் குரலில் எனக்கு நல்ல பயிற்சி.

பெண் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். பிறகு கோச் பக்கம் திரும்பி, வரி விடாமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். என்னை ஆமாம் என்று சொல்லச் சொல்கிறார் அப்பா. எப்படிச் சொன்னால் நம்புவீர்கள் என்று அம்மா உதவி செய்கிறார். வெறுமனே தலையாட்டு, மற்றதைப் பிறகு சமாளிக்கலாம் என்கிறார் இந்த ஆன்ட்டி. "ஐ டிட்ன்ட் ரைட் தட். ஐ டிட்ன்ட் ரைட் எனி ஆஃப் தெம்."

இந்த ஆன்ட்டி என்று சொல்லும்போது கையால் வேறு என்னைக் காட்டினாள். என் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்கமென்றால் வெட்கம், அப்படி ஒரு வெட்கம். ஐம்பது வயதில், காபிக் கடையில், ஒரு சின்னப் பெண்ணைப் பொய் சொல்லச் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

கோச் எங்களை வெளியே காத்திருக்கச் சொன்னார். அவளோடு தனியாகப் பேச வேண்டுமாம்.

வெளியே பார்க்கிங்கில் வெயில் கொளுத்தியது. அம்மா கண்ணாடிக் கதவை விட்டு நகரவில்லை; நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தபடி நின்றாள். ஈரோட்டுக்காரர் தன் வேனில் சாய்ந்துகொண்டார். எனக்கு என்மேல் இருந்த ஆத்திரத்தை யார்மேலாவது இறக்க வேண்டியிருந்தது, அவர்தான் கிடைத்தார். யோசித்துப் பாருங்கள், அந்தக் கோச் நாலு மாதமாக ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது ஒரு புராஜெக்ட் மேனேஜரை. வயது நாற்பத்தெட்டு, சர்க்கரை உண்டு, கொஞ்சம் பிபி. "ஏங்க, லைசென்ஸே இல்லாத பொண்ணைக் கார்ல உக்கார வெச்சிருக்கீங்களே, கதை எழுதறதுன்னா ஒரு லாஜிக் வேணாமா? எங்கேருந்து புடிச்சீங்க அந்தக் கதையை?" என்று பொரிந்து தள்ளினேன்.

"கதை இல்லீங்கக்கா" என்றார்.

அவரே தொடர்ந்தார். "ஆபீஸ்ல என்னை மேனேஜர் போஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க. ஆறு மாசமாச்சுங்க. நான் ட்ரெய்ன் பண்ணினவருக்கே இப்ப நான் ரிப்போர்ட் பண்றேன். சாயந்தரம் வீடு வந்து சேர்ந்தா உள்ள போக முடியறதில்லீங்க. கராஜ்லயே உக்காந்துக்குவேன்."

"வீட்ல தெரியுமா?"

தலையை ஆட்டினார். தெரியாது. "அந்தக் கோச்சம்மா, தோத்தா என்ன பண்ணுவேன்னு கேட்டுருந்தாங்க. யாருங்கக்கா நம்மகிட்ட அப்படிக் கேக்கறாங்க? கேட்டாங்களேன்னு எழுதிட்டேன்."

பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை. அவர் மனசில் இருந்ததைக் கொட்டிக்கொள்ள அந்தப் பெண்ணின் ஒரே சாவியா கிடைத்தது? அதை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

இருபது நிமிடம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கோச் எல்லாரோடும் கை குலுக்கினார். ஈரோட்டுக்காரரின் கையை மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்றார். கிண்டலா, நிஜமா, எனக்குத் தெரியவில்லை. தன் வாடகைக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பெண் நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. அவள் ஆட்டம் கோச்சுக்குப் பிடித்ததாம். ஆனால் அந்த இடத்தை அவர் வைத்திருந்தது மெயில் எழுதிய பெண்ணுக்கு. அப்படி ஒரு பெண்ணே இல்லை. இவளை அவருக்கு நாற்பது நிமிடமாகத்தான் தெரியும். நாலு வருஷம் கூடவே இருக்கப் போகிறவளை நாற்பது நிமிடத்தில் முடிவு செய்ய முடியாதாம்; லிஸ்டை இந்த வாரம் கொடுத்தாக வேண்டுமாம். வேறு ஒரு பெண்ணுக்குப் போகிறது. "ஷி சேட் சாரி" என்றாள். "ஷி மென்ட் இட்."

அம்மா அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் ஒரே ஒரு இடத்தைக் கேட்டாள். அதற்கு வேண்டியதை எல்லாம் அவள் தன் காலால் செய்து முடித்திருந்தாள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

ஈரோட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? அவசர அவசரமாகப் பையிலிருந்து போனை எடுத்தார். "இரு சாமி, நான் உடனே ஒரு சாரி மெயில் போடறேன். எல்லாத்தையும் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணி..."

"ஃப்ரம் ஹூ?" என்று கேட்டாள் பெண்.

அவர் கை அப்படியே நின்றது. அவள் உள்ளங்கையை நீட்டினாள். போனைக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவள் முன்சீட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் பின்னால். அவள் தன் பேரில் போன மெயில்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தாள். விரல் மெதுவாக நகர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் வெகுநேரம் நகரவே இல்லை. எது என்று பின்சீட்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை.

கராஜுக்குள் வண்டி நின்றது. அம்மா இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டாள். இரண்டு தெரு நடந்து போய்விடுவேன் என்று நானும் என் பக்கத்துக் கதவைத் திறந்தேன். முன்சீட்டில் இரண்டு பேரும் இறங்கவில்லை. பெண் சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"விச் கேம், அப்பா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, பிறந்ததிலிருந்து எங்கள் யாருக்கும் தமிழில் பதில் சொல்லாதவள், திக்கித் திக்கி மறுபடியும் கேட்டாள். "நீங்க... எதுல தோத்தீங்க?"

அவர் தலைக்கு மேலிருந்த வண்டிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கிக் கதவைச் சாத்தினேன். நாலு மாதமாக அவள் பேரில் பக்கம் பக்கமாக எழுதிய மனிதர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தன் பேரில் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவள் இறங்காமல் காத்திருந்தாள்.